கடை நமது, சாவி யார் கையில்?

(திண்டுக்கல் நாகல் நகரில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்றைய தலைப்பை நோட்டீஸில் பார்த்துவிட்டுச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். "ஹஜ்ரத்துக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மதரஸாவில் ஓதி வந்தவன், கம்ப்யூட்டர் படித்தவனல்ல. ஆனால் இரண்டு மாதமாக நம் அலுவலகத்தில் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது. அது முடியாததால்தான் நான் இங்கே நிற்கிறேன்.

பஞ்சாயத்து என்ன? நம் வணிகர்களின் கடைகளுக்குச் சேர்த்து ஒரு இணையதளம் அமைப்பது, வெளியூர் ஆர்டர்களை அதில் வாங்குவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்த அன்றே இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டோம்! இளைஞர்கள் சொன்னார்கள்: "லினக்ஸ் போட்ட ஒரு இயந்திரத்தை வாடகைக்கு எடுப்போம். அப்பாச்சியோ எஞ்சின் எக்ஸோ போட்டு நாமே நடத்துவோம். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை." வியாபாரிகள் சொன்னார்கள்: "தம்பி, எங்களுக்குக் கடை இருக்கிறது. பெரிய கம்பெனியின் கிளவுடில் ஒப்படைத்துவிட்டு மாதப் பணத்தைக் கட்டுவோம். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவோம்."

இரண்டு அணியும் என்னைப் பார்த்தன. எனக்கோ இந்த விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் பட்ட பாடு

சில வருடங்களுக்கு முன்பு நம் சொற்பொழிவுகளின் ஒலிப்பதிவுகளை எல்லாம் ஒரு இணையதளத்தில் ஏற்றி வைத்திருந்தோம். ஏழு வருடப் பதிவுகள். நம் தம்பி ஒருவர்தான் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாடகை சர்வர் எடுத்து, எஞ்சின் எக்ஸ் போட்டு, அழகாக நடத்தினார். பிறகு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. சந்தோஷமாக வழியனுப்பி வைத்தோம். சாவியைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

சர்வர் வாடகை அவருடைய பழைய வங்கி அட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அட்டை காலாவதியானது. "பணம் வரவில்லை" என்று கம்பெனி கடிதம் மேல் கடிதம் அனுப்பியிருக்கிறது. எங்கே? அவர் கல்லூரியில் படித்தபோது வைத்திருந்த மின்னஞ்சலுக்கு. அதை யார் திறந்து பார்ப்பது? ஒரு நாள் தளம் திறக்கவில்லை. "ஏதோ கோளாறு, சரியாகிவிடும்" என்று இரண்டு வாரம் சும்மா இருந்தோம். விசாரித்தபோது இயந்திரத்தையே அழித்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

யாரைக் குறை சொல்வது? கம்பெனியையா? அவர்கள் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். அந்தத் தம்பியையா? இனாமாக உழைத்தவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தவறு பொறுப்பிலிருந்த என்னுடையது. ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில் கிடந்த பிரதியைக் கொண்டு பாதியை மீட்டோம். மீதி போனது போனதுதான். அதில் பேசிய பெரியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

எது எது என்று புரிந்துகொள்வோம்

இணையதளம் என்பது எங்கோ மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகள். வாடிக்கையாளர் தன் போனில் கேட்கும்போது, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளைதான் வெப் சர்வர் மென்பொருள். இதில் உலகமெங்கும் அதிகம் ஓடுபவை இரண்டு. ஒன்று அப்பாச்சி. பழைய சர்வர் மென்பொருள் ஒன்றுக்கு ஒட்டுப் போட்டு வந்த சிலர் ஒன்றுகூடி 1995ல் வெளியிட்டது. இன்னொன்று எஞ்சின் எக்ஸ். இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யர் எழுதி 2004ல் வெளியிட்டார். ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வந்தாலும் தாங்குவதற்காகவே எழுதப்பட்டது. இரண்டும் இலவசம். இவை ஓடும் லினக்ஸும் இலவசம். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம்.

இதை நடத்த மூன்று வழி உண்டு. கடை மொழியிலேயே சொல்கிறேன்.

சொந்த இடத்தில் கட்டிடம் கட்டுவது ஒன்று. அதாவது கடைக்குள்ளேயே ஒரு இயந்திரத்தை வைப்பது. நம் ஊர் கரண்ட் போவதை நீங்கள் அறிவீர்கள். இந்த வழியை இதோடு விட்டுவிடுவோம்.

இரண்டாவது, வாடகைக் கடை. நான்கு சுவரும் கரண்டும் உரிமையாளருடையது. அலமாரி, கல்லாப்பெட்டி, பூட்டு, காவல் எல்லாம் நம் பொறுப்பு. நம் இளைஞர்கள் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, லாட்ஜ் அறை. கட்டில், தலையணை, குழாய்த் தண்ணீர், வாசலில் வாட்ச்மேன், எல்லாம் அவர்களுடையது. நீங்கள் பையோடு போனால் போதும். ஆனால் ஆணி அடிக்க முடியாது. அவர்கள் காலி செய்யச் சொன்னால் காலி செய்ய வேண்டியதுதான். நிர்வகிக்கப்படும் கிளவுட் தளம் என்பது இதுதான். அமேசான் இந்தத் தொழிலை 2006ல் தொடங்கியது. 2016ல் மும்பையிலேயே அவர்களுடைய சர்வர் நிலையங்கள் வந்துவிட்டன. இன்று பெரிய கம்பெனிகள் பலவும் செய்கின்றன.

இளைஞர்களுக்கு ஒரு கேள்வி

தம்பிகளே! மென்பொருள் இலவசம் என்கிறீர்கள். உண்மை. காவல் இலவசமா?

2021 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். அப்பாச்சியின் 2.4.49 என்ற பதிப்பில் ஓட்டை இருப்பது தெரிந்தது. வெளியார் தளத்தின் எல்லையைத் தாண்டி உள்ளே இருக்கும் கோப்புகளைப் படிக்கும் அளவுக்கு ஓட்டை. 4ஆம் தேதி திருத்திய பதிப்பு வெளியிட்டார்கள். அந்தத் திருத்தம் முழுமையாக இல்லை என்று தெரிந்து 7ஆம் தேதி இன்னொரு பதிப்பு வெளியிட்டார்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை! அந்த வாரம் நம் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குப் பரீட்சை இருந்தால்? வீட்டில் கல்யாணம் இருந்தால்? ஓட்டையைத் தேடி அலைபவன் சின்னக் கடை, பெரிய கடை என்று பார்ப்பதில்லை. அவனுடைய நிரல் இரவும் பகலும் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகிறது.

இன்னொன்று, தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது. வழக்கமான ஆயுள் 90 நாள். எந்த நிறுவனம் கொடுத்தாலும் 2029 மார்ச் முதல் 47 நாளுக்கு மேல் கூடாது என்று 2025ல் முடிவாகியிருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும்படி செய்து வைக்கலாம்தான். அந்தத் தானியங்கி நின்றுபோனால் கவனிக்க ஒரு ஆள் வேண்டுமே! கவனிக்காவிட்டால், "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று வாடிக்கையாளரின் போன் எச்சரிக்கும். யார் உள்ளே வருவார்?

பெரிய இடத்திலேயே இது தவறுகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வலையமைப்பைச் சரியாகத் தடுப்புப் போட்டுப் பிரிக்காததே காரணம் என்றும் சொன்னது. நோயாளிகளின் சீட்டைக் கையால் எழுதினார்கள், நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில். எப்படி மீண்டார்கள் தெரியுமா? பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் பிரதி இருந்தது. அந்தப் பிரதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு கேள்வி

"பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் கவலை இல்லை" என்கிறீர்கள். அப்படியா?

2025 ஜூலையில் குஜராத்தில் நயாரா எனர்ஜிக்கு நடந்தது என்ன? வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலையும் நாடு முழுக்க பெட்ரோல் பங்குகளும் வைத்திருக்கும் கம்பெனி. அதில் ரஷ்யாவின் ரோஸ்நெப்ட்டுக்கு ஏறக்குறையப் பாதிப் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை போட்டது. சில நாளில் மைக்ரோசாப்ட் நிறுவனம் நயாராவின் மின்னஞ்சல் முதலான சேவைகளை நிறுத்திவிட்டது. இந்தியாவில் இருக்கும் கம்பெனி. கட்டணத்தில் பாக்கி இருந்ததாக யாரும் சொல்லவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாதம் முடிவதற்குள் சேவை திரும்ப வந்தது. நயாராவால் உயர் நீதிமன்றம் போக முடிந்தது. நாகல் நகரில் பெட்ஷீட் விற்பவர் எங்கே போவார்?

வேண்டுமென்றே செய்ததை விடுங்கள். தவறுதலாகவும் நடக்கும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கணக்கை, அமைப்பில் நேர்ந்த பிழையால் கூகுள் கிளவுட் முழுவதுமாக அழித்துவிட்டது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள்! அவர்கள் பிழைத்ததற்கு ஒரு காரணம், வேறொரு கம்பெனியிடமும் பிரதி வைத்திருந்தார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் சர்வர் கட்டிடம் தீப்பிடித்து எரிந்தது. அங்கே வாடகைக்கு இருந்தவர்களில் வெளியே பிரதி வைத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "பேக்கப் இருக்கிறது" என்று நம்பி, அதுவும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இழந்தார்கள். கல்லாப்பெட்டியின் இரண்டாவது சாவியைக் கல்லாப்பெட்டிக்குள்ளேயே வைப்பது போல!

இலவசம் என்று போகாதீர்கள். ஹெரோகு என்ற தளம் பல வருடம் இலவச இடம் கொடுத்து வந்தது. 2022 நவம்பர் 28 முதல் இல்லை என்றது. யாஹூ குரூப்ஸில் எத்தனை தமிழ்க் குழுமங்கள் எழுதிக் குவித்தன! 2020 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள்.

பெயர் யாருடையது?

இப்போது நம் தமிழ்நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இது இரண்டு அணிக்கும் பொது.

ஸோஹோவை எல்லோரும் அறிவீர்கள். தென்காசிப் பக்கத்திலும் அலுவலகம் வைத்து உலகத்துக்கே மென்பொருள் விற்கும் கம்பெனி. வாடகை கிளவுடில் இல்லை. தங்கள் சேவைகளைத் தாங்களே நிறுவிய சர்வர்களில் நடத்துகிறவர்கள். அப்படிப்பட்ட கம்பெனி 2018 செப்டம்பர் 24 அன்று இணையத்திலிருந்து காணாமல் போனது! சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வாசல் பலகையைத்தான் கழற்றிவிட்டார்கள். ஸோஹோ டாட் காம் என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியர்ராநெட் என்ற அமெரிக்கப் பதிவாளர், ஸோஹோ மின்னஞ்சலிலிருந்து மோசடிக் கடிதங்கள் வந்தன என்ற புகாரின் பேரில் பெயரை முடக்கிவிட்டார். வந்த புகார்கள் மூன்று என்றும், இரண்டில் உடனே நடவடிக்கை எடுத்தோம் என்றும் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். கோடிக்கணக்கான பயனாளர்களை வைத்திருக்கும் கம்பெனியின் தலைவர், பதிவாளரிடம் பேச வழி தெரியாமல் ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியதாயிற்று. பெயர் திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொண்டார்கள்.

சகோதரர்களே! இங்கே இருக்கும் கடைக்காரர்களைக் கேட்கிறேன். உங்கள் கடையின் இணையப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். (நான்கைந்து பேர் கை தூக்குகின்றனர்.) மற்றவர்களுக்கு? தளம் செய்து கொடுத்த பையன் பேரில் இருக்கும்! கடைப் பத்திரத்தைப் பெயிண்டர் பேரில் யாராவது எழுதுவோமா? பெயரை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். தவறினால் சிறிது அவகாசம். அதற்குப் பிறகு வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம். முப்பது வருடம் சேர்த்த கடைப் பெயர், சில நூறு ரூபாய் கட்டத் தவறியதால் கை மாறிப்போகும்.

நம் ஊர் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் நாம். சாவியைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்?

பணக் கணக்கு

வாடகை சர்வருக்கு மாத வாடகை பெரும்பாலும் நிலையானது. கிளவுட் தளங்கள் பலவற்றில் மீட்டர் ஓடுகிறது. எவ்வளவு தகவல் வெளியே போகிறதோ அவ்வளவு காசு. எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளி வியாபாரி ரம்ஜான் சீசனில் சேலை வீடியோக்களை அப்படியே ஏற்றிவிட்டார். கூட்டம் வந்தது, பில்லும் வந்தது. லாபத்தில் ஒரு பங்கு அங்கே போயிற்று. எனவே எச்சரிக்கை அளவு வைத்துக்கொள்ளுங்கள். பில் டாலரிலா, ரூபாயிலா, ஜிஎஸ்டி பில் கிடைக்குமா, முதல் வருடச் சலுகை விலை இரண்டாம் வருடம் என்னவாகும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு விஷயம், பலர் இதில் விழுகிறார்கள். அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐயாயிரத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்றது. 2022ல் அந்த வரம்பைப் பதினைந்தாயிரமாக உயர்த்தியது. விதி நல்லதுதான், நம் பணத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்த நேரத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்த தானியங்கிப் பணம் பலருக்கு நின்றுபோனது. அந்த ஓடிபி யார் போனுக்கு வருகிறது? கடையை விட்டுப் போன மானேஜர் போனுக்கா?

என் முடிவு

தனிக்கடை வைத்திருப்பவர்களே! முதலில் உங்களுக்குச் சர்வர் தேவையா என்று பாருங்கள். பொருள் படம், விலை, வாட்ஸ்அப் எண், கடைக்கு வழி, இவ்வளவுதான் வேண்டுமென்றால் சாதாரணப் பக்கங்கள் போதும். அதை எங்கும் தூக்கி வைக்கலாம். ஆர்டரும் பணமும் வாங்க வேண்டுமென்றால் நிர்வகிக்கப்படும் தளத்துக்கே போங்கள். இரவு இரண்டு மணிக்கு ஓட்டையை அடைக்க உங்களிடம் ஆள் இல்லை; அவர்களிடம் இருக்கிறது. இதில் வியாபாரிகள் பக்கமே நியாயம்.

ஆனால் எடுத்துச் செல்ல முடியாத இடத்துக்குப் போகாதீர்கள். சில தளங்களில் மவுஸை இழுத்துப் போட்டே கடையை அமைத்துவிடலாம். வெளியே வரும்போது கையில் ஒன்றும் வராது. வேர்டுபிரஸ் போல எங்கும் ஓடக்கூடிய மென்பொருளில் இருந்தால், இங்கே சரியில்லை என்றால் மூட்டையைக் கட்டி அடுத்த இடத்துக்குப் போகலாம்.

நம் அமைப்பின் பொதுத் தளமும் ஒலிப்பதிவுகளும்? அதை வாடகை சர்வரில், அப்பாச்சியோ எஞ்சின் எக்ஸோ போட்டு, இளைஞர்களே நடத்தட்டும். ஒரு மணி நேரம் நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை; அழிந்தால்தான் நஷ்டம். நம் பிள்ளைகளுக்கு அதில் கிடைக்கும் பயிற்சி, நாளைக்குச் சம்பளமாக வரும் பயிற்சி. ஆனால் நிபந்தனை உண்டு தம்பிகளே! ஒருவர் கையில் மட்டும் சாவி இருக்கக்கூடாது. குறைந்தது இரண்டு பேர். மின்னஞ்சலும் போன் எண்ணும் அலுவலகத்துடையது, உங்களுடையது அல்ல. வாரம் ஒரு பிரதி வேறு இடத்தில். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை வேறொரு இயந்திரத்தில் போட்டு ஓட்டிக் காட்ட வேண்டும். "பேக்கப் எடுத்தேன் ஹஜ்ரத்" என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டிக் காட்டுங்கள்!

ஆர்டர் எழுதி வரும் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் விலாசமும் உங்களிடம் இருக்கும் அமானிதம். பெண்களின் எண்களும் அதில் இருக்கின்றன. அதைப் போகிற போக்கில் ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு எல்லோருக்கும் லிங்க் அனுப்பாதீர்கள். சட்டமும் வருகிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சர்வர் யாருடையதாக இருந்தாலும், தகவலைக் கேட்டு வாங்கியவர் நீங்கள். பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் நான்கு தம்பிகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். தளம் வைத்திருப்பவர்கள் வாருங்கள். பெயர் வாங்கிய ரசீது, ஹோஸ்டிங் பணம் கட்டிய ரசீது, எந்த மின்னஞ்சல், எந்தப் போன் எண் என்ற விவரம், இவற்றைக் கொண்டு வாருங்கள். யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து, மாற்ற வேண்டியதை அன்றே மாற்ற விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார்கள். பாஸ்வேர்டை மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள்; நீங்களே தட்டுங்கள். ரசீது கிடைக்காதவர்கள், தளம் செய்து கொடுத்த தம்பியையும் கையோடு கூட்டி வந்துவிடுங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் இன்றைக்கு இரவே போன் போடுங்கள்.